நூற்றைம்பது நனோமீற்றர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், தொலைபேசியும் இணையமும் காசுக்குக் கிடைக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் அந்த வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தேன். திரையின் நடுவில் ஒரே ஒரு ஊசி நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் வெறுந்தரை. அந்த ஊசி அகன்று சரிந்து, பக்கத்துக்கு ஒரு மலையாகப் பரவியிருக்க வேண்டும். நான் எட்டு மாதம் கணக்குப் போட்டது அதற்குத்தான். படம் முழுதாக இறங்கவில்லையோ என்று இன்னொரு தடவை திறந்தேன். அதே ஊசி. மூன்றாவது தடவையும் திறந்தபோது கடைக்காரர் எழுந்து வந்து, சிங்களத்தில், "என்ன மிஸ், வீட்டில் யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். செத்துப்போனது எது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

அப்போது நான் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பின்பகுதி அது. விசா புதுப்பிக்கவென்று ஊருக்கு வந்தவள். கடவுச்சீட்டு கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் படுத்துக்கொள்ள, நான் மாதக்கணக்கில் எங்கள் லயத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். டயகமவுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். நான் கதவை ஒருச்சாய்த்துவிட்டு, மடிக்கணினியைப் பலகைப்பெட்டியின் மேல் வைத்து, ஒளிக்குக் கான் வெட்டிக்கொண்டிருப்பேன்.

கான் என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாதிருக்கக் குறுக்கே வெட்டுவார்களே, அது. என்னுடைய கானை அலைவழிகாட்டி என்று பாடப்புத்தகம் சொல்லும். குறைகடத்தித் தகட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு கோடு. உண்மையில் அது பள்ளமும் இல்லை, இரண்டு பக்கமும் செதுக்கி எடுத்தபின் நடுவில் மிஞ்சி நிற்கிற வரப்பு. ஆனால் செய்கிற வேலை கானுடைய வேலைதான். உள்ளே விட்ட ஒளியை வெளியே சிந்தவிடாமல் கூட்டிக்கொண்டு போகும்.

சும்மா கூட்டிக்கொண்டு போவதற்கு யாரும் எனக்குப் புலமைப்பரிசில் தரமாட்டார்கள். ஒரே நிறத்தில், மிகச் சிறிய துடிப்பாக, ஒளியை ஒரு முனையில் திணிக்க வேண்டும். இடம் போதாமல் அது உள்ளே நெருக்குப்பட்டு, தன் நிறத்தை விட்டுப் பல நிறங்களாக உடைந்து, மறுமுனையில் அகலமாக வெளிவர வேண்டும். அதுவும் சிவப்புக்கு வெகு அப்பால், கண்ணுக்கே படாத பகுதியில். பள்ளிக்கூடத்தில் செங்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அதன் நடுப்பகுதியில். அங்கேதான் மூலக்கூறுகள் ஆள் காட்டுகின்றன. காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் அவரவர் தம் பேருக்கு மட்டும் குரல் கொடுப்பதைப்போல, ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கும். அகலமான ஒளி கையில் இருந்தால் எல்லாப் பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிடலாம். ஒரு நோயாளியின் மூச்சுக் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவுக்கு விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்கா இருக்கிற கண்ணக் கெடுத்துக்கிற?" என்றாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் அவளோடு வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. பீலிக்கரையில் குடம் வைக்கிற வரிசையில் அம்மாவை முந்த யாரும் துணியமாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவருக்கே அம்மா என்றால் கொஞ்சம் உதறல். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்ன சொந்தக்காரர்களை, ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று, பேர் சொல்லித் திட்டிவிட்டு வந்தவள். அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

கானின் விஷயத்தில் உயிர்நாடி அதன் அகலம். நிறங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடக்கூடியவை. ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து ஓடினால் நெருக்கடி தளர்ந்து, உடைவது நின்றுவிடும். சரியான உயரமும் சரியான அகலமும் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றாக ஓடும். அந்தச் சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் என்னுடைய எட்டு மாதம். கண்டுபிடித்தேன். அதை நடுவில் வைத்து, கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும், பன்னிரண்டு கான்களை ஒரே சிப்பில் வரைந்தேன். ஒன்று தவறினாலும் பக்கத்தில் இருப்பது கைகொடுக்கும் என்ற முன்யோசனைதான். வரைந்த கோப்பை ஹட்டனுக்குக் கொண்டுபோய் இணையத்தில் அனுப்பிவைத்தேன். ஆய்வுகூடத்தில் செதுக்குகிற வேலைக்குப் பொறுப்பான அம்மையார் அதைச் செதுக்கி முடித்தார். சக மாணவர் ஒருவர் ஒளியை விட்டு அளந்தார்.

வந்தது ஊசி. பன்னிரண்டிலும் ஊசி.

அந்த முடிவை வைத்துத்தான் எனக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்புக் கிடைக்க வேண்டும். நீட்டிப்புக் கடிதம் இருந்தால்தான் விசா. விசா இல்லாவிட்டால், படிப்பை நடுவில் விட்டுவிட்டு, தலவாக்கலையில் ஏதாவது ஒரு டியூஷன் வகுப்பில் பௌதிகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அம்மா திட்டிவிட்டு வந்த வாசல்கள் எல்லாம் கதவைத் திறந்து என்னை வேடிக்கை பார்க்கும்.

வரைபடத்தோடு என் பேராசிரியரின் கடிதமும் இருந்தது. கணக்கில் நான் தந்த அகலமும் சிப்பில் வந்திருக்கிற அகலமும் பொருந்தவில்லை. எல்லாக் கானும் நூற்றைம்பது நனோமீற்றர் அகலம் கூடுதல். செதுக்கியவர் கூட்டலை இரண்டு தடவை போட்டிருக்க வேண்டும், அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

கூட்டல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செதுக்கும்போது வரப்பின் இரண்டு பக்கமும் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும். அதனால் அந்த அம்மையார் அரிக்கப்போகிற அளவை முன்கூட்டியே கூட்டித்தான் அச்சு எடுப்பார். அது அவருடைய வேலை. எங்களுக்குத் தந்த விதித்தாளில் தெளிவாக எழுதியிருந்தது: கடைசியில் உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதையே வரையுங்கள், போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

டயகம பஸ்ஸில் ஏறியபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். தப்பு என்னுடையதில்லை. அந்த அம்மையார் மேல் கோபம்கூட வந்தது. ஒரு மனுஷிக்குக் கூட்டலை ஒரு தடவை போடத் தெரியாதா? எட்டு மாதத்தைக் கெடுத்துவிட்டாளே என்று, அவள் இவள் என்று, மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வந்தேன். அம்மாவின் மகள்தானே.

வீட்டுக்கு வந்து, பேராசிரியருக்கு அனுப்ப ஆதாரம் வேண்டுமே என்று, நான் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். பக்கத்தில் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்தேன். முதல் கான்: புத்தகத்தில் ஒரு அளவு, கோப்பில் வேறு அளவு. இரண்டாவது கான்: அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. நூற்றைம்பது நனோமீற்றர், ஒரு தலைமயிரை ஐந்நூறாகப் பிளந்தால் ஒரு பங்கு இருக்குமோ என்னவோ, ஒவ்வொன்றிலும் கூட இருந்தது. அம்மையார் சரியாகத்தான் செய்திருக்கிறார். கோப்பில் இருந்ததை அப்படியே செதுக்கித் தந்திருக்கிறார்.

கடைக் கணினியில் இருந்து வைரஸ் ஏதாவது ஏறிக் கோப்பை மாற்றிவிட்டதா என்று யோசித்தேன். எந்த வைரஸ் பன்னிரண்டு இடத்திலும் ஒரே அளவாக நூற்றைம்பதைக் கூட்டும்? பிறகு புத்தகத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்துக் கண்ணில் பட்டது. சின்னதாக, அவசரமாக, என் கையெழுத்தில்: "+150. எப்பிடியும் கழிப்பாங்க."

நான் எழுதிய ஞாபகமே இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. அந்த விதித்தாளை வாசித்திருந்தேன். அந்த வரியில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்ட அதே கை இதையும் எழுதியிருக்கிறது. என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் இன்னொருத்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் பின்னேரம் அம்மாவின் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக் கொடுக்க மலைக்குப் போனேன். கொழுந்து நிறைய வருகிற காலம். அம்மாவுக்குத் தோள் வலி. நிறுக்கிற இடத்துக்கு எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் மேலே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, செடியில் ஒரு வாது விடாமல் இன்னும் பறித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, போதும். எல்லாரும் போயிட்டாங்க."

"இரு, இரு. இன்னும் ரெண்டு கை."

"அதான் கணக்குக் கிலோ வந்திருச்சுல்ல?"

"வந்தா என்னா? எப்பிடியும் கழிப்பாங்க."

என் புத்தகத்தின் ஓரத்தில் இருந்த வாக்கியம், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், மலையில் நின்று பேசியது.

சாக்குகள் தராசில் ஏறின. கணக்கப்பிள்ளை நிறுத்தார். சாக்கின் பாரத்துக்கு, கொழுந்தில் இருக்கிற தண்ணீருக்கு என்று ஒவ்வொருவருக்கும் கழித்தார். ஒரு வாரமாக மழை இல்லை. தூசி பறந்துகொண்டிருந்தது. எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவின் முறை வந்தது. பீலிக்கரையில் ஊரையே கூட்டுகிற அம்மா, தராசின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். கழித்த பிறகும் அளவு தேறியது என்று தெரிந்ததும் மெதுவாக மூச்சு விட்டாள். குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள். அதற்காகத்தான் அந்த இரண்டு கை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே, தினமும், அந்த இரண்டு கை. சின்ன வயதில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் மறுபடியும் ஹட்டனுக்குப் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயாரித்தேன். கோப்பு அனுப்பும்போது கெட்டுவிட்டது என்று எழுதலாம். பழைய பதிப்பு மாறிப் போய்விட்டது என்று எழுதலாம். யாரையும் குற்றம் சொல்லாத, எனக்கும் அடி விழாத ஒரு பொய். அதை ஆங்கிலத்தில் அழகாக்கிக்கொண்டே மாடிப்படி ஏறினேன்.

கணினியைத் திறந்தால் அந்த அம்மையாரின் கடிதம் வந்திருந்தது. எனக்கு மட்டும் எழுதியிருந்தார். பேராசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார், என் பக்கம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன், உங்கள் கோப்பில் இருந்த அகலத்தைத்தான் நான் தந்திருக்கிறேன். ஆனால் அவருக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது, நீங்கள் நினைத்திருந்த அகலம் எது? ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும், அது எனக்குத் தெரியவில்லை.

தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் என்னிடம் கேட்கிறார். ஒரே வரியில் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு முன்னால் என்னைக் கேட்கிறார். இப்படியும் நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. முந்தாநாள் நான் பஸ்ஸில் அவரை ஏசிய ஏச்செல்லாம் திரும்பி வந்து என் கன்னத்திலேயே அறைந்தது. தயாரித்து வைத்திருந்த பொய் வாய்க்குள்ளேயே செத்தது.

அவருக்கு உண்மையை எழுதினேன். பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் போய்ப் பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தப்பு என்னுடையது. கோப்பில் நான்தான் கூட்டினேன்" என்றேன்.

"விதித்தாளில் எழுதியிருந்ததே?"

"வாசித்தேன். அடிக்கோடும் போட்டேன்."

"பிறகு ஏன்?"

ஆங்கிலத்தில் அதைச் சொல்வது சுலபமாக இல்லை. எங்கள் ஊரில் கொழுந்து நிறுப்பார்கள் என்றேன். எவ்வளவு கொடுத்தாலும் அதில் கழிப்பார்கள் என்றேன். என் அம்மா கழிப்பதற்கென்றே கொஞ்சம் கூடப் பறித்துக்கொண்டு போவாள், எனக்கும் கை அப்படியே பழகிவிட்டது என்றேன்.

"நாங்கள் கழிப்போம் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டார். கோபமில்லை. அவருக்கே அடி விழுந்ததுபோல் இருந்தது குரல்.

"நினைக்கவில்லை. பயந்தேன்" என்றேன். அந்தச் சொல் அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் கனிந்துவிடவில்லை. முதல் முயற்சி தோல்வி என்று அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றார். தகட்டில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, செதுக்குகிறவர் சம்மதித்தால் இன்னொரு கோப்பு அனுப்பலாம், நீட்டிப்பு என் கையில் இல்லை என்றார். அம்மையார் சம்மதித்தார்.

இரண்டாவது கோப்பை அனுப்பிய நாளை மறக்கமாட்டேன். சரியான அளவை, கூட்டாமல், அப்படியே எழுத வேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு எண்கள். விரல் போகவில்லை. எட்டாவது கானில் நான் பத்து நனோமீற்றரைக் கூட்டியிருந்ததைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து அழித்தேன். தெரிந்தும் கூட்டியிருக்கிறேன்! பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கையில் ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல் தராசில் ஏறுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து வந்த வரைபடத்தில் ஊசி இல்லை. ஐந்தாவது கானிலும் ஆறாவது கானிலும் ஒளி இரண்டு பக்கமும் சரிந்து, நான் கணக்கில் பார்த்த இடத்தையும் தாண்டி, அகலமாகப் படுத்திருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் சந்தோஷப்பட்டார். நீட்டிப்பு ஒரு வருடம் இல்லை, ஆறு மாதம்தான் தந்தார்கள். அது போதும். கொழும்பு மேசையில் இருந்து கடவுச்சீட்டும் எழுந்து வந்தது.

அதுவரைக்கும் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, பின்னேரம் அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். ஆபத்துத் தாண்டிவிட்டதல்லவா, பகிடியாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் நான் ஏசியதைச் சொன்னபோது அம்மாவும் சிரித்தாள். அந்த அம்மையார் கடிதம் எழுதிக் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நிறுக்கிற எடத்துல இருக்கவங்க, ஒன்னயக் கேட்டாங்களா?"

"ஆமாம்மா. கேட்டுட்டுத்தான் பேராசிரியருக்குப் பதில் எழுதுனாங்க."

"நெசமாவா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். நம்ப முடியாமல் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, எதுக்குக் கூட வச்சேன்னு கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?"

"எங்கம்மா அப்பிடித்தான் தெனமும் ரெண்டு கை கூட எடுப்பாங்க, பயத்துல. அது எனக்கும் ஒட்டிக்கிருச்சுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு நான்தான் சிரித்தேன்.

அம்மாவின் கை மாவுக்குள் நின்றது.

"பயத்துலன்னா சொன்ன?"

"ஆமா."

அம்மா என்னைப் பார்த்தாள். பீலிக்கரையில் பார்த்த அம்மா இல்லை, வாசல் வாசலாக நின்று திட்டிய அம்மா இல்லை. களவு பிடிபட்டவள் மாதிரி ஒரு முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நான் பயப்புடுறது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சில மாதங்களுக்கு முந்தி வரைக்கும் அதுதான் உண்மையும்கூட. அம்மா குனிந்து மாவை மறுபடியும் பிசையத் தொடங்கினாள். எவ்வளவோ நேரம் பிசைந்தாள்.

"புள்ளைக்குத் தெரியாம வளத்துட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.